கன் ஷோவுக்கு கிளம்புற நம்ம மக்களுக்கு ஒரு திறந்த மடல்

அமெரிக்காவுல இருக்கற தம்பி தங்கச்சிகளுக்கும், குடும்பத்தோட கிளம்பி வர்ற அண்ணன் அண்ணிமாருக்கும் வணக்கம்.

நான் திருச்சிக்காரன். ஓக்லஹோமாவுக்கு வந்து பதினாலு வருஷம் ஆகுது, அதுல ஒரு ஒன்பது வருஷமா கன் ஷோவுக்கு, அதாவது டேபிள் போட்டு துப்பாக்கியைக் காட்டி விக்கற சந்தைக்கு, போயிட்டு வர்றேன், மொதல்ல ஆபீஸ்ல கூட வேலை பார்க்கற ஒருத்தர் கூட்டிட்டுப் போனாரு, அப்புறம் தனியாவே போக ஆரம்பிச்சுட்டேன். ஆரம்பத்துல உள்ள நுழைஞ்சா நம்ம ஊர் முகம் ஒண்ணு கூட கண்ணுல படாது. இப்ப அப்படி இல்ல, டல்லாஸ், ஹூஸ்டன்ல இருந்தெல்லாம் நாலு பேரா அஞ்சு பேரா வண்டி எடுத்துட்டு வர்றாங்க, கிரீன் கார்டு வந்ததும் பார்க்கணும்னு ஆசைப்பட்டு வர்றவங்க இருக்காங்க, சும்மா வேடிக்கை பார்க்க வர்றவங்களும் இருக்காங்க. வாங்க, சந்தோஷம்தான். ஆனா போன குளிர்காலத்துல நான் பார்த்த ஒரு விஷயம் இன்னும் மனசை விட்டுப் போகல, அதனாலதான் உட்கார்ந்து இதை எழுதறேன்.

ஒரு சின்ன ஊர் ஷோ, எந்த ஊருன்னு வேண்டாம். நம்ம பசங்க நாலு பேர், எல்லாருக்கும் இருபத்தஞ்சு இருபத்தாறு வயசு இருக்கும், ஒரு டேபிள் முன்னாடி நின்னுட்டு இருந்தாங்க. ஒரு தம்பி யாரையும் கேக்காம ஒரு பிஸ்டலை எடுத்தாரு, எடுத்ததும் விரல் நேரா ட்ரிகர்ல போயிடுச்சு, பக்கத்துல இருக்கற ஃப்ரெண்டுக்கு காட்டறதுக்காக அப்படியே உடம்போட திரும்பினாரு பாருங்க, அந்தக் குழல் வாய் டேபிளுக்குப் பின்னாடி உட்கார்ந்திருந்த வயசான அம்மாவைத் தாண்டி, பக்கத்து டேபிள்ல நின்னவரைத் தாண்டி, நடுவழியில ஸ்ட்ரோலர்ல தூங்கிட்டு இருந்த ஒரு குழந்தை மேல போய் நின்னுச்சு. ஒரு செகண்டோ ரெண்டு செகண்டோதான். அந்தக் குழந்தையோட அப்பா முகம் எப்படி மாறிச்சுன்னு நான் பார்த்தேன். கடைக்காரர் சத்தம் போட்டாரு. பசங்களுக்கு பயத்துல சிரிப்பு வந்துடுச்சு, நம்ம ஆளுங்களுக்கு தர்மசங்கடமான நேரத்துல சிரிப்புதான் வரும், அது நமக்குத் தெரியும், அங்க நின்னவங்களுக்கு எப்படித் தெரியும்? அவங்க கண்ணுக்கு, குழந்தை மேல துப்பாக்கியை நீட்டிட்டு அவங்க மொழியில ஏதோ பேசி சிரிக்கறாங்கன்னுதான் பட்டுச்சு. நான் கிட்ட போறதுக்குள்ள அவங்க கிளம்பிப் போயிட்டாங்க. அந்தத் தம்பிங்க கெட்டவங்க இல்ல, அவங்களுக்கு யாரும் சொல்லித் தரல, அவ்வளவுதான்.

அதனால நான் சொல்றேன்.

மத்த இடத்துல மரியாதைன்னா வார்த்தை, வணக்கம், வயசுல பெரியவங்களைப் பார்த்தா எழுந்து நிக்கறது. கன் ஷோல மரியாதைன்னா உங்க கைல இருக்கறதோட வாய் எந்தப் பக்கம் பார்க்குதுன்றதுதான், மீதி எல்லாம் அதுக்கு அப்புறம். அது காலின்னு உங்களுக்குத் தெரிஞ்சிருக்கலாம், எதிர்ல நிக்கறவருக்குத் தெரியாது. அவருக்குத் தெரியறதெல்லாம் அந்த ஓட்டை தன்னைப் பார்க்குதுன்றது மட்டும்தான். இங்க இதுக்கு ஃப்ளாகிங்னு பேர், ஸ்வீப்பிங்னும் சொல்வாங்க, ஒருத்தரை நீங்க அப்படி ஒரு தடவை பண்ணிட்டீங்கன்னா அதுக்கப்புறம் எவ்வளவு இனிமையா பேசினாலும் அவர் மனசுல உங்க இடம் மாறாது.

ஜெஃப் கூப்பர்னு ஒருத்தர், அமெரிக்க ராணுவத்துல மரைன்ஸ் பிரிவுல இருந்தவரு, 1976-ல அரிசோனாவுல கன்சைட்னு ஒரு பயிற்சிப் பள்ளி ஆரம்பிச்சவரு. அவர் சொன்ன நாலு விதிகளைத்தான் இந்த நாட்டுல துப்பாக்கியைத் தொடற எல்லாரும் மனப்பாடமா வெச்சிருக்காங்க. எல்லா துப்பாக்கியும் எப்பவும் லோட் ஆனதுன்னு நெனச்சுக்கோ, அழியக்கூடாததுன்னு நெனைக்கற எது மேலயும் குழல் போக விடாதே, குறி பார்க்கற வரைக்கும் விரல் ட்ரிகர்ல போகக்கூடாது, எதைச் சுடறோம் அதுக்குப் பின்னாடி என்ன இருக்குன்னு தெரிஞ்சுக்கோ. ஷோல யாரும் சுடப்போறதில்ல, அதனால நாலாவது இப்போதைக்கு இருக்கட்டும், முதல் மூணும் அந்தக் கதவுக்குள்ள இருக்கற ஒவ்வொரு நிமிஷத்துக்கும். டேபிள்ல இருந்து எடுக்கறப்ப குழல் கூரையைப் பார்க்கட்டும், இல்ல கடைக்காரர் எந்தப் பக்கம் காட்டறாரோ அந்தப் பக்கம், எந்தப் பக்கம்னு புரியலன்னா அவரையே கேளுங்க. விரல் ட்ரிகர் கார்டுக்கு, அதாவது ட்ரிகரைச் சுத்தி இருக்கற வளையத்துக்கு, வெளிய நீட்டிட்டு இருக்கட்டும். தள்ளி நிக்கற ஃப்ரெண்டுக்கு காட்டணும்னா துப்பாக்கியோட நீங்க திரும்பாதீங்க, ஃப்ரெண்டை உங்க பக்கம் வரச் சொல்லுங்க.

"வாசல்ல தான் செக் பண்ணி ஜிப் டை போட்டு விடறாங்களே அண்ணா, அப்புறம் என்ன பயம்"னு ஒரு தம்பி கேட்டாரு. நியாயமான கேள்வி. பெரும்பாலான ஷோல, துப்பாக்கியோட வர்றவங்களை வாசல்லயே நிறுத்தி, தோட்டா அடுக்கியிருக்கற மேகசினை எடுத்து, சுடறதுக்குத் தயாரா தோட்டா உட்கார்ற சேம்பரைத் திறந்து பார்த்து, மெக்கானிசம் ஓடாதபடி ஒரு பிளாஸ்டிக் டை போட்டுதான் உள்ள விடுவாங்க. கேரி பண்ண, அதாவது துப்பாக்கியை உடம்போட வெச்சுட்டு நடமாட, லைசென்ஸ் இருந்தாலும் லோட் பண்ணது உள்ள வரக்கூடாதுன்றதுதான் அனேகமா எல்லா ஷோலயும் ரூல். ஆனா 2013 ஜனவரி 19-ஆம் தேதி என்ன நடந்துச்சுன்னு பாருங்க. அன்னிக்கு நாடு முழுக்க கன் அப்ரிஷியேஷன் டேன்னு கொண்டாடினாங்க, ஷோ எல்லாம் கூட்டம். நார்த் கரோலினா ராலேல ஒருத்தர் விக்கறதுக்காக ஷாட்கன் கொண்டு வந்தாரு, வாசல்ல செக் பண்றதுக்காக உறையோட ஜிப்பைத் திறக்கறாரு, அப்பவே அது வெடிச்சுடுச்சு, சின்னச் சின்ன குண்டு பட்டு மூணு பேருக்கு காயம். அதே நாள் ஒஹாயோ மெடினாவுல ஒரு வியாபாரி, தான் வாங்கின பிஸ்டலை செக் பண்றாரு, மேகசினை எடுத்துட்டாரு, சேம்பர்ல ஒரு தோட்டா இருந்தது தெரியல, அது பக்கத்துல இருந்த அவரோட ஃப்ரெண்டு மேல பட்டுடுச்சு. அதே நாள் இண்டியானாபோலிஸ்ல ஷோ முடிச்சு வெளிய வந்தவரு பார்க்கிங்ல தன்னோட துப்பாக்கியை லோட் பண்றப்ப தன் கையிலயே சுட்டுக்கிட்டாரு. ஒரே நாள், மூணு ஊரு, அஞ்சு பேருக்கு காயம், நல்லவேளை யார் உயிரும் போகல. இந்த மூணு பேர்ல யாரும் கோபத்துல இல்ல, யாருக்கும் கெட்ட எண்ணம் இல்ல. ஒருத்தர் வாசலுக்கு வந்துட்டாரு, ஒருத்தர் வியாபாரத்துல இருக்கறவரு, ஒருத்தர் வெளியவே போயிட்டாரு. செக் பண்ற இடத்துக்கு முன்னாடியும் பின்னாடியும் கூட ஆபத்து இருக்குன்றதுக்கு இதைவிட என்ன வேணும்.

அதனால உங்க சொந்த துப்பாக்கியை ஷோவுக்கு எடுத்துட்டு வர்றீங்கன்னா வீட்லயே காலி பண்ணிடுங்க, வீட்ல ஒரு தடவை, கார்ல வைக்கறதுக்கு முன்னாடி ஒரு தடவை பாருங்க, வாசல்ல இருக்கறவர்கிட்ட உறையைத் திறக்கறதுக்கு முன்னாடியே வாய்விட்டு சொல்லுங்க, அவரே திறக்கட்டுமா நான் திறக்கட்டுமான்னு கேளுங்க. அப்புறம் ஹோல்ஸ்டர், அதாவது இடுப்புல துப்பாக்கி சொருகற உறை, வாங்க வர்றவங்க. இடுப்புல இருக்கறதை எடுத்து கூட்டத்துக்கு நடுவுல புது ஹோல்ஸ்டர்ல சொருகிப் பார்க்காதீங்க, எந்த மாடல்னு சொன்னாலே போதும், விக்கறவர்கிட்ட அதே அளவுல பிளாஸ்டிக் டம்மி இருக்கும்.

நம்ம ஊர்ல கத்தியை யார் கைலயும் நேரா குடுக்க மாட்டாங்க, ஞாபகம் இருக்கா? எங்க பாட்டி அரிவாள்மனைப் பக்கத்துல உட்கார்ந்துட்டு, "கீழ வை, நான் எடுத்துக்கறேன்"னு சொல்லும். நேரா குடுத்தா சண்டை வரும்னு காரணம் சொல்வாங்க. அதே பழக்கத்தை அப்படியே இங்க கொண்டு வாங்க. பார்த்து முடிச்சதும் துப்பாக்கியை எடுத்த இடத்துலயே, எடுத்த மாதிரியே, தோட்டா ஏத்தற பாகமான ஆக்‌ஷன் திறந்திருந்தா திறந்தபடியே வைங்க, அடுத்தவர் அங்கிருந்து எடுத்துக்கட்டும். கையில குடுத்தே ஆகணும்னா சேம்பரைத் திறந்து, காலின்னு அவர் கண்ணால பார்த்த பிறகு குடுங்க. அவரும் வாங்கினதும் மறுபடி ஒரு தடவை திறந்து பார்ப்பாரு. அதை சந்தேகமா எடுத்துக்காதீங்க, இப்பதானே காட்டினேன்னு முகத்தைச் சுளிக்காதீங்க. பாட்டி சொன்ன மாதிரிதான் அதுவும்.

இப்ப கேட்டுட்டுத் தொடறதைப் பத்தி. இதுக்கு நான் கத்துக்கிட்ட கதையைத்தான் சொல்லணும்.

இங்க ஓக்லஹோமாவுலயே டல்சா ஊர்ல நடக்கற வானன்மாக்கர் ஷோ பத்தி கேள்விப்பட்டிருப்பீங்க, வருஷத்துக்கு ரெண்டு தடவை, ஏப்ரல்லயும் நவம்பர்லயும், எக்ஸ்போ ஸ்கொயர்ல. ஒரே கூரைக்குக் கீழ 11 ஏக்கர், நாலாயிரத்துக்கு மேல டேபிள், உலகத்துலயே பெரிய ஷோன்னு சொல்றாங்க. வெளிய 75 அடிக்கு கோல்டன் டிரில்லர்னு எண்ணெய்த் தொழிலாளியோட சிலை நிக்கும். அங்க நடந்ததைச் சொல்றதுக்கு முன்னாடி எங்க வீட்டைப் பத்தி ஒரு வார்த்தை. எங்க அப்பா திருச்சி துப்பாக்கி பாக்டரியில டர்னரா இருந்தவரு, 1966-ல தொடங்கின பாக்டரி அது, நான் அந்தப் பக்கத்து குவார்ட்டர்ஸ்லதான் வளர்ந்தேன். ஆனா அப்பா ஒரு நாளும் வீட்ல துப்பாக்கியைப் பத்திப் பெருமையா பேசினதே இல்ல, பேச்சு வந்தா அளவைப் பத்திதான் வரும், கேஜ் உள்ள போச்சா போகலையா, எத்தனை பீஸ் ரிஜெக்ட் ஆச்சுன்னு. ஆயுத பூஜை அன்னிக்கு மெஷினுக்கெல்லாம் சந்தனம் குங்குமம் வைப்பாங்க, தரையில கிடக்கற ஸ்பேனரைக்கூட தாண்டக்கூடாது, சுத்திட்டுதான் வரணும்.

அந்த டல்சா ஷோல, எனக்கு அது மூணாவது தடவைன்னு நெனைக்கறேன், ஒரு ஓரத்துல ஒரு பெரியவரோட டேபிள். பழைய மிலிட்டரி ரைபிளா அடுக்கி வெச்சிருக்காரு. அதுல ஒண்ணு பார்க்க பிரிட்டிஷ் காலத்து என்ஃபீல்டு ரைபிள் மாதிரியே இருக்கு, ஆனா மேகசின் மட்டும் சதுரமா இருக்கு. குனிஞ்சு பார்த்தா பக்கவாட்டுல ஆர்.எஃப்.ஐ.ன்னு குத்தியிருக்கு, கீழ மாடல் பேர் 2ஏ1, வருஷம் 1968. ரைபிள் பாக்டரி இஷாப்பூர், கல்கத்தாவுக்குப் பக்கத்துல ஹூக்ளி ஆத்தங்கரையில இருக்கறது. 1962 சீனா போருக்கு அப்புறம், பழைய .303 என்ஃபீல்டு டிசைனையே 7.62 தோட்டாவுக்காக உறுதியான ஸ்டீல்ல மாத்திச் செஞ்ச ரைபிள். எங்க ஊர் பாக்டரியில செஞ்சது இல்ல, ஆனா அப்பா மாதிரி ஏதோ ஒரு டர்னர், ஏதோ ஒரு ஃபிட்டர், காலையில சங்கு ஊதினதும் டிபன் பாக்ஸோட கிளம்பிப் போய் செஞ்சது, அது எப்படியோ கடல் தாண்டி ஓக்லஹோமாவுல ஒரு டேபிள் மேல கிடக்கு. எனக்கு கண்ணு கலங்கிடுச்சு. கை தானா போயிடுச்சு, கேக்கல, எடுத்துட்டேன்.

பெரியவர் சத்தம் போடல. எழுந்து நின்னு, என் கையில இருந்த ரைபிளோட நடுப்பாகத்தை மெதுவா பிடிச்சு, குழலை மேல தூக்கி விட்டாரு. "கேட்டிருந்தா நானே எடுத்துக் குடுத்திருப்பேனே மகனே"ன்னாரு. எனக்கு அப்படியே சுருங்கிப் போச்சு. மன்னிப்பு கேட்டுட்டு, எங்கப்பா எங்க வேலை பார்த்தாரு, இது எங்க நாட்டுல செஞ்சதுன்னு சொன்னேன். அவர் உட்காரச் சொல்லி, போல்ட்டைத் திறந்து சேம்பரைக் காட்டி, அப்புறம் என் ரெண்டு கையிலயும் வெச்சாரு. அரை மணி நேரம் பேசினோம், அவருக்கு இஷாப்பூர் பத்தி என்னைவிட அதிகமா தெரிஞ்சிருந்துச்சு. நான் திருப்பி வெச்சதும் எண்ணெய் போட்ட துணி ஒண்ணை எடுத்து நான் தொட்ட இடத்தையெல்லாம் துடைச்சாரு, எனக்கு ஒரு மாதிரி ஆயிடுச்சு, அப்புறம் பார்த்தா அடுத்து வந்த வெள்ளைக்காரர் தொட்ட பிறகும் அதே மாதிரிதான் துடைக்கறாரு. கை வேர்வையில இருக்கற உப்பு அந்த நீலக்கறுப்பு இரும்பு மேல பட்டா, துடைக்காம விட்டுட்டா, கொஞ்ச நாள்ல விரல் ரேகை அப்படியே துருவா எழும்பி நிக்கும். நாலாயிரம் டேபிள், வார இறுதி முழுக்க கை மாறி கை மாறி போயிட்டு இருக்கு, அந்த மனுஷன் ஒவ்வொரு கைக்கும் அப்புறம் துடைக்கறாரு. கேக்காம தொடறது ஏன் தப்புன்னு அன்னிக்குதான் எனக்கு முழுசா புரிஞ்சுது. அதெல்லாம் கடைச் சரக்கு மாதிரி தெரியும், ஆனா பாதிக்கு மேல யாரோ இருபது முப்பது வருஷமா சேர்த்தது, சிலது அவங்க அப்பா விட்டுட்டுப் போனது.

கேட்டு வாங்கின பிறகும் சில விஷயம் இருக்கு. காலியா இருக்கேன்னு ட்ரிகரை இழுத்துப் பார்க்கறது, அதுக்கு டிரை ஃபயர்னு பேர், அதுக்கும் தனியா கேக்கணும். முக்கியமா .22 மாதிரி ரிம்ஃபயர், அதாவது தோட்டாவோட விளிம்புல அடிச்சு வெடிக்கற துப்பாக்கியில ஊசி போய் சேம்பர் விளிம்புல அடிக்கும், பழைய மாடல்னா விளிம்பு நசுங்கும். ரிவால்வர் சிலிண்டரை சினிமால பண்ற மாதிரி மணிக்கட்டை ஒரு வெட்டு வெட்டி மூடாதீங்க, சிலிண்டரைத் தாங்கற கிரேன்ற சின்ன கை வளைஞ்சு சிலிண்டர் நேர் தப்பிடும், அதைப் பார்த்தா விக்கறவருக்கு வயிறு எரியும். பின்பக்கம் இருக்கற ஹாமரை ஒவ்வொரு தடவையும் கையால இழுக்கற பழைய கோல்ட் ரிவால்வர், அதாவது சிங்கிள் ஆக்‌ஷன் இருந்தா ஹாமரைப் பாதியில இழுத்துட்டு அங்கிருந்தே கீழ விடாதீங்க, சிலிண்டரைச் சுத்தி ஒரு கோடு கீறிடும், சேகரிக்கறவங்க அந்தக் கோட்டை வெச்சே இது தெரியாதவன் கைல பட்டதுன்னு சொல்லிடுவாங்க, விலையும் இறங்கும். 1911ன்ற மாடல் மாதிரி பிஸ்டல்ல காலி சேம்பர் மேல, முன்னும் பின்னும் ஓடற மேல்பாகமான ஸ்லைடை டமார்னு விடாதீங்க, கையால பிடிச்சு மெதுவா மூடுங்க. எப்படித் திறக்கறதுன்னு தெரியலன்னா தெரியலன்னு சொல்லுங்க, அதுல எந்த அவமானமும் இல்ல, அந்த ஹால்ல இருக்கற பெரியவங்களுக்கு சொல்லிக் குடுக்கறதை விட சந்தோஷமான வேலை எதுவும் கிடையாது.

பேரம் பேசறது பத்தி. பேசலாம், தாராளமா பேசலாம், இங்கயும் எல்லாரும் பேசறாங்க. ஆனா திருச்சி சிங்காரத்தோப்புல துணிக்கடை வாசல்ல பேசற மாதிரி பாதி விலைக்குக் கேட்டுட்டு, பொருள்ல நூறு குத்தம் சொல்லிட்டு, நடந்து போற மாதிரி போய் திரும்பி வர்றது இங்க செல்லாது. அங்க அது ரெண்டு பேருக்கும் தெரிஞ்ச ஆட்டம், இங்க இவரோட பொருளை மட்டம் தட்டினா இவரை மட்டம் தட்டற மாதிரி. ரொக்கமா குடுத்தா என்ன விலைக்கு வரும்னு ஒரு தடவை கேளுங்க, நீங்க ஒரு விலை சொல்லி அவர் சரின்னுட்டாருன்னா வாங்கியே ஆகணும், அதுக்கப்புறம் "யோசிச்சு சொல்றேன்"னு நழுவறது ரொம்பக் கேவலமா பார்க்கப்படும். இன்னொண்ணு, இதுதான் நிறைய பேருக்குத் தெரியாதது: ஒருத்தர் கைல ஒரு துப்பாக்கியை வெச்சுட்டு விலை பேசிட்டு இருக்காருன்னா, அவர் அதைக் கீழ வைக்கற வரைக்கும் அது அவருடைய பேச்சு. உங்களுக்கு எவ்வளவு பிடிச்சாலும், நான் ஐம்பது டாலர் கூடத் தர்றேன்னு நடுவுல பூரக்கூடாது. தள்ளி நில்லுங்க. அவர் வெச்சுட்டு நகர்ந்தா அப்புறம் உங்க முறை.

தமிழ்ல பேசறதைப் பத்தி சொல்ல எனக்கு சங்கடமா இருக்கு, ஆனா சொல்லணும். நம்ம மொழியை எங்கயும் பேசலாம், அதுல எந்தக் குறையும் இல்ல. ஆனா ஒருத்தர் டேபிள் முன்னாடி நின்னு, அவர் பொருளைக் கையில வெச்சுட்டு, அவர் முகத்தைப் பார்த்துட்டு, தமிழ்ல பேசி சிரிச்சா அவருக்கு எப்படி இருக்கும்? நம்ம ஊர் கடையில நாலு பேர் வந்து நமக்குப் புரியாத பாஷையில நம்மளைப் பார்த்து சிரிச்சா நமக்கு எப்படி இருக்கும், அதேதான். பேசணும்னா ஒரு வார்த்தை அவர்கிட்டயும் சொல்லுங்க, என் ஃப்ரெண்டுக்கு இது என்ன மாடல்னு விளக்கிட்டு இருக்கேன்னு. முகம் உடனே மலரும், நான் பல தடவை பார்த்திருக்கேன்.

கூட்டத்துல நடக்கறது வேற ஒரு கலை. சனிக்கிழமை மதியம் அந்த வழியில தோளோடு தோள் உரசித்தான் நடக்கணும், திருவிழாக் கூட்டம் மாதிரி இருக்கும். சிலர் விக்கறதுக்காக ரைபிளைத் தோள்ல மாட்டிட்டு, குழல்ல ஒரு குச்சி சொருகி அதுல விலை எழுதின சீட்டு ஒட்டிட்டு சுத்துவாங்க, அவங்க டக்குனு திரும்பினா பின்னாடி இருக்கறவர் கண்ணுக்கு நேரா வரும், அதனால தள்ளியே நடங்க, நீங்க மாட்டிட்டு இருந்தா திரும்பறதுக்கு முன்னாடி பின்னாடி பாருங்க. பழக்கமானவரைப் பார்த்தா வழி நடுவுல நின்னு ஊர்க்கதை பேசாதீங்க, டேபிளை மறைச்சுட்டும் நிக்காதீங்க, அந்த டேபிளுக்கு அவர் காசு கட்டியிருக்காரு, நீங்க மறைக்கற நேரத்துல அவருக்கு வியாபாரம் போகுது, சுவரோரமா ஒதுங்கிப் பேசுங்க. குழந்தைங்களைக் கூட்டிட்டு வந்தா கையை விடாதீங்க, அவங்க கண் உயரத்துலதான் கத்தியெல்லாம் அடுக்கியிருக்கும். போட்டோ எடுக்கணும்னா கேளுங்க, பல ஷோல அனுமதியே இல்ல, அனுமதி இருந்தாலும் தன்கிட்ட என்னென்ன இருக்குன்னு ஊருக்கெல்லாம் தெரிஞ்சா வீட்ல திருட்டு நடக்குமோன்ற பயம் சேகரிக்கறவங்களுக்கு உண்டு.

பெண்களோட வர்றவங்களுக்கு. என் மனைவிதான் எங்க வீட்ல நல்லா குறி வைக்கறவ, ரேஞ்சுல அவ டார்கெட்டைப் பார்த்தா தெரியும். ஆனா ஷோல அவ கேள்வி கேட்டா பதில் என் முகத்தைப் பார்த்து வரும். அது விக்கறவங்க சைடு தப்பு, அதை நான் அவங்ககிட்டயே சொல்லியிருக்கேன், அவங்ககிட்டயே சொல்லுங்க சார், வாங்கறது அவங்கதான்னு. ஆனா நம்ம ஆம்பளைங்களும் பொண்டாட்டி கையில இருந்து வெடுக்குனு பிடுங்கி "இப்படிப் பிடிக்கணும்"னு காட்டறாங்க, அப்படிப் பிடுங்கறப்ப குழல் எங்க போகுதுன்னு கவனிச்சிருக்கீங்களா? தயவுசெஞ்சு அதை நிறுத்துங்க. ஒரு ஆள் கையில இருக்கறப்ப இன்னொரு கை அதுல போகவே கூடாது.

கடைசியா சட்டம். இதுவும் மரியாதைதான்னு நான் நெனைக்கறேன், ஏன்னா நீங்க மறைச்சா மாட்டிக்கறது டேபிளுக்குப் பின்னாடி இருக்கற மனுஷனும்தான். எச்1பி மாதிரி விசால இருக்கறவங்க பெடரல் சட்டப்படி துப்பாக்கி வாங்கவோ வெச்சிருக்கவோ கூடாது, ஏதாவது ஒரு ஸ்டேட்டோட செல்லுபடியாகற ஹண்டிங் லைசென்ஸ் இருந்தா விதிவிலக்கு, அதுவும் இல்லாம இன்னும் சில விதிவிலக்குதான் இருக்கு. வெச்சிருக்கறதுன்ற வார்த்தைக்குள்ள கையில எடுக்கறதும் வரலாம், அதனால லைசென்ஸ் இல்லாத தம்பிங்க கையைப் பின்னாடி கட்டிட்டு கண்ணால பாருங்க, பார்க்கறதுக்கு எந்தத் தடையும் இல்ல. கிரீன் கார்டு இருக்கறவங்க வாங்கலாம், லைசென்ஸ் உள்ள டீலர்கிட்ட 4473 ஃபார்ம் நிரப்பணும், அவர் 1998-ல இருந்து நடைமுறையில இருக்கற பின்னணிச் சோதனையை ஓட்டுவாரு.

இங்கதான் ஒரு பெரிய தப்பு நடக்குது. "டேய் உன்கிட்ட கார்டு இருக்குல்ல, நீ உன் பேர்ல வாங்கிக் குடு, நான் காசு தந்துடறேன்"னு கேக்கறது. நம்ம ஊர்ல ஃப்ரெண்டு பேர்ல சிம் வாங்கற மாதிரி, ஃப்ரெண்டு பேர்ல வண்டி வாங்கற மாதிரி நெனச்சுட்டு கேக்கறாங்க. இதுக்கு ஸ்ட்ரா பர்ச்சேஸ்னு பேர், ஃபார்ம்லயே நீதான் நிஜமா வாங்கறியான்னு கேப்பாங்க, பொய் சொல்லி கையெழுத்து போட்டா குத்தம், 2022-ல வந்த சட்டப்படி வாங்கத் தகுதி இல்லாதவங்களுக்காக இப்படி வாங்கினா 15 வருஷம் வரைக்கும் ஜெயில். நட்பு பேர்ல ஒருத்தனை இந்த இக்கட்டுல நிறுத்தறதைப் போல மரியாதைக் குறைவு வேற எதுவும் இல்ல. என்கிட்டயும் ஒருத்தர் கேட்டாரு, ரொம்ப வேண்டியவரு, முடியாதுன்னுட்டேன், ஆறு மாசம் பேசல, பரவாயில்ல.

சோதனையில சில சமயம் உடனே ஓகே வராது, டிலேன்னு வரும். பேரும் பிறந்த தேதியும் வேற யாரோடயாவது கிட்டத்தட்ட ஒத்துப்போனாலே அப்படி வரும். அப்ப டீலர் மேல பாயாதீங்க, என் நிறத்தைப் பார்த்துட்டு நிறுத்தறியான்னு கத்தாதீங்க, அந்தப் பதிலைச் சொல்றது அவர் இல்ல, போன்ல இருக்கற ஆபீஸ். நிஜமாவே யாராவது உங்க நிறத்தைப் பார்த்து மோசமா நடந்துக்கிட்டா அது வேற, அப்படியும் ஒண்ணு ரெண்டு தடவை எனக்கு நடந்திருக்கு, நான் வாக்குவாதம் பண்ணல, பொருளைக் கீழ வெச்சுட்டு ஷோ நடத்தறவங்க உட்கார்ந்திருக்கற டெஸ்குக்குப் போய் டேபிள் நம்பரைச் சொன்னேன். ஆயிரம் துப்பாக்கி இருக்கற ஹால்ல குரலை உசத்தறது எந்தப் பக்கத்துல இருந்தும் நல்லதில்ல. ஏன் உங்க ஊர்ல இவ்வளவு துப்பாக்கி, ஏன் இவ்வளவு சாவுன்னு கேக்கணும்னு உங்களுக்கு இருக்கலாம், எனக்கும் இருக்கு, ஸ்கூல்ல என் பொண்ணு மேசைக்கடியில ஒளியற டிரில் பண்ணிட்டு வந்து சொல்றப்ப எனக்கு வயித்தைப் பிசையுது. ஆனா அதைக் கேக்கற இடம் அந்த டேபிள் இல்ல. பேச ஆசைப்பட்டா அவரை ஒரு காபிக்குக் கூப்பிடுங்க, நான் அப்படிக் கூப்பிட்டு பேசியிருக்கேன், ரெண்டு பேரும் ஒத்துக்கல, ஆனா மரியாதையா பேசினோம்.

ஷோ நடத்தறவங்களுக்கும் இதே விஷயத்தை நான் இங்கிலீஷ்ல தனியா எழுதியிருக்கேன், வாசல்ல டிக்கெட் குடுக்கறப்பவே முதல் தடவையா வர்றீங்களான்னு கேட்டு ஒரு சீட்டுல இந்த மூணு நாலு விஷயத்தை அடிச்சுக் குடுங்கன்னு. அவங்க குடுக்கறாங்களோ இல்லையோ, நம்ம ஆளுங்களுக்கு நம்மதான் சொல்லணும்.

அந்த சின்ன ஊர் ஷோல பிஸ்டல் எடுத்த தம்பி, நீங்க இதைப் படிச்சீங்கன்னா, உங்க மேல எனக்குக் கோபம் இல்லப்பா. ஏப்ரல்ல டல்சா ஷோ வருது. சனிக்கிழமை காலையில கதவு திறக்கறதுக்கு அரை மணி முன்னாடி அந்தப் பெரிய சிலையோட கால்மாட்டுல நான் நிப்பேன், தலையில பச்சைத் தொப்பி இருக்கும். உங்க ஃப்ரெண்ட்ஸையும் கூட்டிட்டு வாங்க. இஷாப்பூர் வெச்சிருந்த அந்தப் பெரியவர் போன தடவையும் அதே ஓரத்துலதான் உட்கார்ந்திருந்தாரு, மொதல்ல அவர்கிட்ட போவோம்.

அன்புடன்,
ஓக்லஹோமாவுல இருந்து ஒரு திருச்சிக்காரன்